அசனமும் அண்ணன்காரனும்

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஊரில் மழை போதாது, குளம் பாதிதான் பெருகியிருக்கிறது. பேரனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்துவிட்டது.

பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைக்கிற கதை. வயலில் பாடுபட்டவன் அண்ணன், கன்றடித்து விருந்து தம்பிக்கா என்கிறாய். நியாயந்தான். உன் பக்கத்துக்கு நானே இன்னொரு சாட்சி தருகிறேன். வயலில் இருந்தவனுக்கு யாருமே ஆள் அனுப்பவில்லை, பார்த்தாயா? ஆடல்பாடல் சத்தம் கேட்டு, வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் சொந்த வீட்டு விசேஷமே அவனுக்குத் தெரிகிறது. நம் பக்கம் இது போதாதா? பத்திரிகையை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பினாலே பங்காளி பந்தலை மிதிக்க மாட்டானே!

ஆனால் தகப்பன் அவனைக் கூப்பிட வேலைக்காரனை அனுப்பவில்லை. விருந்தை நடுவில் விட்டுவிட்டுத் தானே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். கதை யார் முன்னால் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார். "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று இயேசுவைப் பற்றி முறுமுறுத்த பரிசேயர் முன்னால், அதாவது வேதச் சட்டத்தைக் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்த யூதர்கள் முன்னால். நம் பிரசங்கிகள் அவர்களை வெளுத்துவாங்குவார்கள். கதையிலோ அவர்களுக்கும் ஓர் அழைப்பு இருக்கிறது. அண்ணன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவே இல்லை.

அதற்கு முந்தின 14-ஆம் அதிகாரத்து விருந்துக் கதை வேறு தினுசு. அங்கே அழைக்கப்பட்டவர்களே வர மறுக்கிறார்கள். வயல் வாங்கினவனும் ஐந்து ஏர்மாடு வாங்கினவனும் (பத்து மாடு, பெரிய கைதான்) மன்னிக்கச் சொல்லியாவது அனுப்புகிறார்கள். புது மாப்பிள்ளைக்கு அந்த மரியாதைகூட இல்லை. வீட்டெஜமான் கோபப்பட்டு, வேலியோரத்து ஜனங்களைக் கூட்டிவரச் சொல்லிவிடுகிறார். வர மறுத்தவர்களிடம் மறுபடி யாரும் போகவில்லை. அடுத்த அதிகாரத்தில் கோபம் பிள்ளைக்கு, கெஞ்சல் தகப்பனுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த லூக்காவை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

லூக்கா 15-இல் காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பன் கதையும் உண்டு. மத்தேயு 18-இலும் அந்த ஆடு வருகிறது. லூக்காவின் மேய்ப்பன் கண்டுபிடிக்குமளவும் தேடுகிறான். மத்தேயு "கண்டுபிடித்தால்" என்கிறார். அங்கே பேச்சு சீஷர்களிடம், சபைக்குள்ளிருக்கும் சிறியவர்களைப் பற்றி. போனால் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லாமலே போகவேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது.

இதெல்லாம் இப்போது மண்டையில் ஓடுவதற்குக் காரணம் அசனம், நம் கோயிலில் (சர்ச்சில்) எல்லோருக்கும் போடும் பொது விருந்து. கிடாய்க்குச் சொல்லியாகிவிட்டது, சமையலும் பழைய ஆட்கள்தான். கோயிலுக்கு வராத ஊர்க்காரர்கள்கூட பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். கமிட்டித் தகராறில் ஒதுங்கிப்போன நம் ஆட்கள்தான் வருவதில்லை. அவர்கள் வீட்டுக்கு வாளியில் சோறு கொடுத்தனுப்பிவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் குருவானவரும் நானும் வீடுவீடாகப் போகிறோம்.

முதலில் உன் சித்தப்பா வீடு. நாயை அவிழ்த்துவிடுவார் என்று என் வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அதற்குமுன் அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசு. கோயிலைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம், நாயைக் கட்டிவைக்கச் சொன்னால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்