மூன்று மாதத்தில் முடிந்த மனந்திரும்புதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒழுக்கத்தில் தவறிய போதகர்கள் மறுபடியும் ஊழியத்துக்கு வரலாம் என்று சென்ற இதழில் எழுதியவர், பிறன் மனைவியோடு பாவம் செய்தும் மன்னிப்புப் பெற்ற வேதாகமத்துத் தாவீதைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். எல்லாரும் தாவீதைத்தான் இழுக்கிறார்கள். தாவீது ராஜா, ஆலயத்தில் பலி செலுத்துகிற ஆசாரியன் இல்லை. அந்தப் பாவத்துக்குத் தண்டனையாகப் பட்டயம், அதாவது வாள், அவர் வீட்டை விட்டு விலகவில்லை என்பதையும் சேர்த்தல்லவா வாசிக்க வேண்டும்?

அமெரிக்கப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வகர்ட்டை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1988 பிப்ரவரியில் பேட்டன் ரூஜ் நகரில் தன் சபை மேடையில் நின்று, பாவம் செய்தேன் என்று கண்ணீர் வழிய அறிக்கையிட்டார். அவர் சார்ந்த அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை, இரண்டு வருடம் சீர்திருந்தும் காலம், அதில் ஒரு வருடம் பிரசங்கமே கூடாது என்றது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊழிய அங்கீகாரம் போனது. ஆனாலும் மே மாதமே மேடையேறிவிட்டார். 1991-ல் கலிபோர்னியாவில் போலீஸ் அவர் காரை நிறுத்தியபோது உள்ளே ஒரு பாலியல் தொழிலாளி இருந்தார். இந்தத் தடவை கண்ணீர் இல்லை. இது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று கர்த்தரே தன்னிடம் சொன்னதாகச் சபையாரிடம் சொன்னார்!

அமெரிக்கா வரை போவானேன்? எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில், ஓர் ஐயர் மேல் புகார் வந்தது. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். கமிட்டி கூடியது, காபி வந்தது, சபைப் பேர் கெட்டுவிடும் என்றார்கள், அப்புறம் தூரத்து ஊருக்கு மாற்றல். இரண்டே வருடத்தில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் செய்தி கொடுக்க எங்கள் ஊருக்கே வந்தார். நோட்டீஸில் படம், கழுத்தில் சால்வை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடிய பெண்தான் புகார் சொன்னவள். அந்த இடம் காலியாக இருந்தது. அவள் எப்போதோ வேறு சபைக்குப் போய்விட்டாள். ஐயரை மன்னித்தாயா என்று அவளிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். நீ திரும்பி வருகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குடியிலோ கடனிலோ விழுந்து எழுந்தவர் கதை வேறு. ஜெபிக்கச் சொல்லி வந்தவளிடமே தப்பாக நடந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் அவர் என் பக்கத்தில் முழங்காலிடட்டும், நான் விலகி உட்கார மாட்டேன். அவர் கையால் அப்பம் வாங்கச் சொல்லாதீர்கள். கண்காணியானவனுக்கு, அதாவது சபையை நடத்துகிறவனுக்கு, சபைக்குப் புறம்பானவர்களின் நற்சாட்சியும் வேண்டும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியிருக்கிறாரே! எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் இந்துக் கோயிலுக்குப் போகிறவர். அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இவரா?” என்று கேட்டார். பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்