கணவருக்கும் அந்த ஊசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கர்ப்பிணிகளுக்கான ரத்தப் பரிசோதனை என்றால் எல்லோரும் ரத்தசோகையையும் சர்க்கரையையும் பற்றிப் பேசுகிறார்கள். சிபிலிஸ் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மேகநோய், கிரந்தி என்று ஊரில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, உடலுறவு வழியாகப் பரவும் அந்த நோய்தான்.

என் பகுதியில் ஒரு பெண் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. கண்ணேறு என்று சொல்லி, இந்த முறை கையில் கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தார்கள். முன்பு பார்த்த தனியார் மருத்துவமனையில் சிபிலிசுக்கான ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். எடுக்கவே இல்லை. நாங்கள் எடுத்தபோது பாசிட்டிவ். அவளுக்குப் புண்ணோ வலியோ எதுவும் கிடையாது. இந்த நோயில் பெரிய ஆபத்தே அதுதான். முதலில் வரும் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். கிருமி மட்டும் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.

மருந்து பழையதுதான். பென்சாதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அலர்ஜிக்குப் பயந்து எரித்ரோமைசின் மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சரியாகப் போவதில்லை, குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காமலே போகிறது. அவளுக்கு மூன்று ஊசியும் போட்டோம். "மாமியார் கேட்டா சத்து ஊசின்னு சொல்லிடுங்கக்கா" என்றாள். அப்படியே சொன்னேன்.

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு?" என்று போனை வைத்துவிட்டார். ஏழாம் மாதம் மறுபடி ரத்தம் எடுத்தால், 1-க்கு 8 என்று இருந்த வி.டி.ஆர்.எல். அளவு, குறைவதற்குப் பதிலாக 1-க்கு 32 என்று ஏறியிருந்தது. திரும்பத் தொற்றிவிட்டது. முதலிலிருந்து மறுபடி மூன்று ஊசி. அப்புறம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே வீட்டு வாசலில் போய் நின்றேன். ஊசி போட்டுக்கொள்ள என் வண்டியில்தான் வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைய கூலி போனது அவருக்கு. குழந்தை 2 கிலோ 700 கிராமில் நல்லபடியாகப் பிறந்தது.

கணவருக்கும் சிகிச்சை தர வேண்டும் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை தாய்மாருக்குப் பரிசோதனை முடிந்தது என்று கேட்பார்களே தவிர, கணவர் வந்தாரா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். எச்.ஐ.வி.யையும் சிபிலிசையும் ஒரே அட்டையில் சுமார் 20 நிமிடத்தில் பார்த்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பரிந்துரைத்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த இரண்டும் பரவுவதை ஒழித்ததற்காக 2015-ல் கியூபாவுக்கு முதன்முதலாகச் சான்று கிடைத்தது. 2019-ல் பக்கத்திலிருக்கும் இலங்கைக்கும் கிடைத்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நோய் குணமான பிறகும் இந்த அட்டை பாசிட்டிவ் காட்டக்கூடும். வி.டி.ஆர்.எல். அளவு பார்க்காமல் எந்தப் பெண்ணையும் பயமுறுத்திவிடக் கூடாது.

என் கோரிக்கை இதுதான். மனைவிக்குப் பரிசோதனை செய்யும்போதே, சம்மதம் கேட்டு, கணவருக்கும் அந்த அட்டையில் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பாருங்கள். பாசிட்டிவ் வந்த வீட்டில் மட்டும் கணவரைக் கூப்பிட்டால் "உன்னாலதான் வந்துச்சு" என்று அவளைத்தான் அடிக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாக் கணவர்களையும் கூப்பிட்டுவிட்டால் யார் வீடு என்று யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.