கட்-ஆஃப் இல்லாத ஊர்

மேடிசன், விஸ்கான்சின்
16 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, பாட்டி, தம்பி எல்லோரும் நலம்தானே?

போனில் சொன்னால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. மீதியை அம்மா எடுத்துச் சொல்லும்போது அது வேறு செய்தியாகிவிடுகிறது. போன வாரம் நான் சொன்னது, "இன்னும் ரெண்டு மூணு இடத்துல பதில் வரல" என்று. அம்மா உங்கள் பக்கம் திரும்பி, "எங்கேயும் கிடைக்கலையாம்" என்று உரக்கச் சொன்னது எனக்கே கேட்டது. ஸ்பின்னிங் மில்லில் ஆயுசு முழுக்க நின்ற காது, அதைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பி பிரிண்ட் எடுத்துத் தருவான், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நிலவரம். டிசம்பரில் ஏழெட்டு இடங்களுக்கு பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தேன் இல்லையா, அதில் பாதிக்கு மேல் இல்லை என்று வந்துவிட்டது. ஓரிடத்தில் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறேன். மற்ற இடங்கள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததும் இங்கே ஒரு பதில்தான். உயிரியல் படிப்புகளில், தேறுவார்கள் என்று நினைக்கிறவர்களைப் பொங்கல் முடிந்த கையோடு நேர்காணலுக்குக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். பிப்ரவரி பாதிக்குள் அந்த அழைப்பு வரவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். "மாட்டோம்" என்கிற கடிதம் மட்டும் சாவகாசமாக ஏப்ரலில் வரும்.

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். முதல் வரிசையில் இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை யோசித்துச் சொல்லலாம் என்று இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்ந்து ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. ஒரே ஆள் நாலு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில்தான் மூன்றை விடுவான். அப்போதுதான் வெயிட்டிங் லிஸ்ட் நகரும். அதனால் கோயிலிலோ கடைத்தெருவிலோ யாராவது கேட்டால், "ஏப்ரல் பதினஞ்சுக்கு மேலதான் தெரியும்" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

இல்லை என்று சொல்லும் விதத்தையும் கேளுங்கள். மெயிலில் அந்த வார்த்தையே இருக்காது. "உங்கள் விண்ணப்பத்தில் புதிய தகவல் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கவும்" என்று மட்டும் வரும். ஒரு தடவை நான் ஆய்வகத்தில் தட்டுகளில் பாக்டீரியா கீறிக்கொண்டிருந்தபோது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் கையுறை. பாதியில் எழுந்தால் தட்டெல்லாம் வீணாகிவிடும். மிச்சத் தட்டுகளையும் கீறி முடித்து, இன்குபேட்டரில் வைத்து, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. புதுப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் மேலே அவர்கள் மணிக்கூண்டின் அழகான படம், கீழே "விண்ணப்பங்கள் மிக அதிகம், இடங்கள் மிகக் குறைவு". இப்போதெல்லாம் நான் முதல் வரியில் "வாழ்த்துகள்" இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறேன். எனக்கு வந்ததில் பாதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவை. உடனே யாரும் போன் போட்டு ஏன் என்று கேட்கக் கூடாது என்றோ என்னவோ.

கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான். "எத்தனை மார்க்ல போச்சு?" என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். 2018-ல் முதன்முதலாக ஆன்லைனில் இன்ஜினியரிங் கவுன்சலிங் வைத்தார்களே, சர்டிபிகேட் சரிபார்க்க உதவி மையத்தில் நீங்களும் நானும் வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200. எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று நம் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். கால் மார்க்கில் போனாலும் எதில் போனது என்று தெரியும். கெமிஸ்ட்ரி பேப்பர் திருத்தியவரை நாலு திட்டு திட்டிவிட்டுத் தூங்கலாம்.

இங்கே அந்த 200 கிடையாது. என் மார்க், மூன்று பேர் எழுதிய பரிந்துரைக் கடிதம், நான் எழுதிய கட்டுரை, இதுவரை செய்த ஆராய்ச்சி எல்லாவற்றையும் ஒரு குழு உட்கார்ந்து படிக்கிறது. அதற்கு மேல், இந்த வருஷம் எந்தப் பேராசிரியர் கையில் பணம் இருக்கிறது, யார் புது மாணவர் எடுக்கிறார் என்ற கணக்கு ஒன்று ஓடும். நான் சேர ஆசைப்பட்ட ஆய்வகத்தில் ஆள் எடுக்கவில்லை என்றால் என் விண்ணப்பம் தங்கமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதையாவது சொல்லலாம். காரணம் கேட்டு எழுதினேன். "தனித்தனியாகக் கருத்துச் சொல்வதற்கில்லை" என்று இரண்டு வரி. கிடைக்காததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் அப்பா. எதில் குறைந்தேன் என்று தெரியாமல் அடுத்த தடவை எதைத் திருத்துவது?

பெரியப்பா, "மறுபடியும் படிப்பா, இன்னும் எவ்வளவு கடன்?" என்றாராம். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: என் துறையில் பிஎச்.டி.க்குக் கட்டணத்தை அவர்களே பார்த்துக்கொண்டு சம்பளமும் தருவார்கள். பல இடங்களில் வருஷத்துக்கு 35,000 டாலருக்கு மேல். நான் இங்கே படித்த எம்.எஸ். மாதிரி நாம் கட்டிப் படிப்பதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்தாறு வருஷம் அவர்கள் செலவு செய்வதால்தான் இடம் இவ்வளவு குறைவு.

இந்த வருஷம் அதிலும் மண் விழுந்திருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அரசு அமைப்பு என்ஐஎச். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போது கட்டடம், கரண்ட், அலுவலகச் செலவு என்று கூடுதலாக இத்தனை சதவீதம் என்று சேர்த்துத் தருவார்கள். பஞ்சு விலை ஒரு பக்கம், கரண்ட் பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் இன்னொரு பக்கம் என்று நீங்கள் மில்லில் பார்த்த கணக்குதான். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது 50 சதவீதத்துக்கு மேல். பிப்ரவரி 7-ஆம் தேதி, இனி எல்லோருக்கும் 15 சதவீதம்தான் என்று அறிவித்துவிட்டார்கள். கோர்ட் தடை போட்டிருக்கிறது. ஆனாலும் பயத்தில் பல இடங்களில் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள், சிலர் நிறுத்தியே வைத்தார்கள். மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்தவர்களிடமே இல்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டது. போதாததற்கு, அரசு பயிற்சி நிதி பலவற்றில் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் சேர்க்க முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது வேறு பணத்தில் வரும் கொஞ்ச இடம். இதையெல்லாம் எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்கு வந்த கடிதங்களில் எது இதனால் வந்தது, எது என்னால் வந்தது என்று பிரிக்க வழியில்லை.

விசாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பிஎச்.டி. கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். படிப்பு முடிந்தபின் ஒரு வருஷம் வேலை செய்யலாம், அறிவியல் படித்தவர்கள் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். நான் அந்த வேலைக்கான முதல் வருஷத்தில்தான் இருக்கிறேன். இப்போதைய ஆய்வக வேலை இருக்கிறது, பேராசிரியரும் தொடரச் சொல்கிறார். லோன் தவணைக்குக் குறை வராது. உங்கள் டெபாசிட்டில் கைவைக்காதீர்கள்.

வீட்டில் நான் மட்டும் காத்திருக்கவில்லை. அறைத்தோழி குண்டூர்ப் பெண் என்று சொன்னேனே, அவள் காத்திருப்பது எச்-1பி என்கிற வேலை விசாவுக்கு. அது நிஜமாகவே குலுக்கல்தான்! கம்பெனி 215 டாலர் கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். 24-ஆம் தேதி பதிவு முடியும், மாதக் கடைசிக்குள் தெரியும். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனையே தடவிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறோம், சாப்பிடும்போது இரண்டு போனும் மைக்ரோவேவ் மேல். கோங்கூராத் தொக்கும் என் ரசமும் போகிற வேகத்தைப் பார்த்தால் கவலைப்படுகிறவர்கள் மாதிரியே தெரியாது.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் மெண்டோட்டா ஏரி முழுக்க உறைந்திருந்தது, அதன் மேலேயே நடந்து போனோம். நம்ம ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுகிற பெரிசுகளை நினைத்துக்கொண்டேன். இங்கே ஐஸில் துளை போட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் மீனுக்குக் காத்திருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை, ஒரு ஸ்வெட்டர் போதும்.

அப்புறம், உங்களால் ஆக வேண்டிய ஒரு வேலை. ஜெர்மனிக்கும் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் வேலைக்கு ஆள் எடுப்பது போல விளம்பரம் கொடுத்து பிஎச்.டி.க்கு எடுக்கிறார்கள். வருஷம் பூராவும் வந்துகொண்டிருக்கும், ஏப்ரலுக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பீரோவில் உங்கள் எல்ஐசி பத்திரங்களுக்கு அடியில் என் பச்சை ஃபைல் இருக்கும். அதில் பி.டெக். டிகிரி சர்டிபிகேட்டும் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் இருக்கின்றன. தம்பியிடம் கொடுத்து இரண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுத்தால் ஓரம் வெட்டுப்படும், கடையில்தான் பண்ண வேண்டும். கடைக்காரர் நல்லதுக்குத்தான் சொல்வார், அதற்காக லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். பின்னால் முத்திரை வைக்கத் தகராறு வரும்.

அன்புடன்,
உங்கள் மகள்,
மீனா