கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

வெஸ்ட்மீட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய வேலை ஒப்பந்தத்தை அப்பா ஒரு தடவையும், நான் பென்சிலோடு இரண்டு தடவையும் படித்தோம். டார்வினில் விமானியாக முதல் வேலை, ஓட்டப்போவது செஸ்னா 210 என்கிற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம். சந்தோஷம்தான். ஆனால் போனில் ஒன்று சொன்னாயே, "சம்பளம் எதுவானாலும் பரவாயில்லம்மா, பறக்கிற மணிக்கணக்கு ஏறினா போதும்" என்று. இருபது வருஷம் சம்பளக் கணக்கு பார்த்தவள் பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா அது?

உன் சம்பளத்துக்கு அடித்தளம் அந்த முதலாளியின் மனசு இல்லை. 'ஏர் பைலட்ஸ் அவார்டு 2020' என்கிற, விமானிகளுக்கான குறைந்தபட்சச் சம்பள உத்தரவு. (மதுரை அத்தையிடம் சொன்னேன். "பிள்ளைக்கு அவார்டு குடுத்திருக்காங்களா, போட்டோ அனுப்பு" என்கிறாள்!) ஆஸ்திரேலியாவில் வேலை, சம்பள விவகாரங்களைத் தீர்மானிக்கிற ஃபேர் வொர்க் கமிஷன் போட்ட அந்த உத்தரவுக்குக் கீழே யாரும் உனக்குக் கொடுக்க முடியாது, நீயே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. சின்ன விமானங்களுக்கு அதில் எடைக் கணக்கு உண்டு: எஞ்சின் ஒன்றா இரண்டா, எடை 1360 கிலோவுக்குள்ளா, 3360 கிலோவுக்குள்ளா என்று பார்த்துத்தான் சம்பளம். 210 அந்த 1360ஐத் தாண்டிய வண்டி. அவர்கள் போட்டிருப்பது அதற்குக் கீழ்ப்படியின் தொகை மாதிரித் தெரிகிறது. வருஷா வருஷம் ஜூலையில் கமிஷன் உயர்த்தும், 2024இல் 3.75 சதவீதம், 2025இல் 3.5. உன் தாளில் இருப்பது எந்த வருஷத்துத் தொகை என்று கேள்.

அடுத்தது உன் ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு. அந்த விமானத்துக்கான பயிற்சிச் செலவை உன் சம்பளத்தில் பிடிப்பார்களாம். முதலாளி ஒரு ரக விமானத்துக்குத் தகுதி கேட்டால், அந்தத் தகுதியைப் பெறுகிற செலவு முதலாளியுடையது என்று அவார்டிலேயே இருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவினேன். கையில் வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அவார்டு என்று ஒன்று இருப்பதே 14 மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்கப் போனபோது அந்தக் கடையே இல்லை.

நாளைக்குப் பெரிய விமான கம்பெனிக்குப் போனால் கதை வேறு. அங்கே அவார்டு வெறும் தரை, அதற்குக் கீழே இறங்கக்கூடாது, அவ்வளவுதான். சம்பளம் பேரம் பேசி முடிக்கிற ஒப்பந்தத்தில் இருக்கும். விமானிகள் சங்கமும் கம்பெனியும் உட்கார்ந்து பேசும், விமானிகள் ஓட்டுப் போடுவார்கள். மொத்தத்தில் அவார்டைவிட மேலாக இருந்தால்தான் கமிஷன் ஒப்புதல் தரும். பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்து, ரகசிய ஓட்டெடுப்பும் நடந்தபிறகுதான் சட்டப் பாதுகாப்போடு வேலைநிறுத்தம் செய்யலாம். பேச்சு முட்டுச்சந்தில் நின்றுவிட்டால், 2023 ஜூனிலிருந்து கமிஷனே தீர்த்துவைக்கவும் வழி இருக்கிறது.

இந்த ஒழுங்கெல்லாம் இல்லாத காலத்தை எதிர்வீட்டுத் தாத்தாவிடம் கேள். அவர் 1989இல் விமானி. சங்கம் 29.47 சதவீத உயர்வு கேட்டது. பிரதமர் ஹாக்கின் அரசு தொழிற்சங்கங்களோடு செய்திருந்த ஊதிய உடன்பாட்டுக்கு அது அடங்கவில்லை. ஆகஸ்ட் 18 முதல் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டும் பறப்போம் என்றார்கள். கம்பெனிகள் நஷ்டஈட்டு வழக்கு என்று கிளம்பியதும், ஆறே நாளில் சுமார் 1,640 பேர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். விமானப்படை விமானங்களில் பயணிகளை ஏற்றினார்கள், வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். தாத்தா பிழைப்புக்கு வெளிநாடு போய்ப் பல வருஷம் ஓட்டினார். "கேட்டது தப்பில்லம்மா, வேலையை விட்டதுதான் தப்பு. வெளியே போனவனோட எவன் பேரம் பேசுவான்?" என்பார். எனக்கென்னவோ அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதாகத்தான் தோன்றும். வேறு வழி விட்டிருந்தார்களா என்ன?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. சண்டையும் வேண்டாம். இரண்டே கேள்வியை மெயிலில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா? சந்தா எவ்வளவு என்று சொல், முதல் வருஷம் நான் கட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து என்றாயே. திங்கள் ராத்திரி கூப்பிடு. அவார்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா