வாங்கியவர் பெயர் இருக்கிறது, தொடங்கியவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வெளிநாட்டுக் காமிக்ஸ் செய்தித் தளங்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். காமிக்ஸுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்கள் தாராள மனதுக்கு முதலில் நன்றி. அந்த அரைப் பக்கத்தில், சி.பி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் காமிக் புக் ரிசோர்சஸ் தளத்தை, சூப்பர் ஹீரோ படங்கள் வசூலைக் குவிப்பதைப் பார்த்து ஒரு கனடா நிறுவனம் தொடங்கியதாக உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். காலையில் காபி குடிக்கும்போது இதைப் படித்தேன். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதைத் தொடங்கியவர் ஜோனா வைலண்ட் என்ற தனி மனிதர், ஒரு ரசிகர். 1996-ல், சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்காவின் டி.சி. நிறுவனம் 'கிங்டம் கம்' என்ற காமிக்ஸ் தொடரை வெளியிட்டது. கதை மார்க் வெய்ட், ஓவியம் அலெக்ஸ் ராஸ். அந்தத் தொடரைப் பற்றி ரசிகர்கள் பேசிக்கொள்வதற்காக வைலண்ட் இணையத்தில் ஏற்படுத்திய சிறு இடம்தான் பிறகு சி.பி.ஆர். ஆக வளர்ந்தது. கனடாவின் வால்நெட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது 2016-ல். நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருக்கின்றன, ஐயா. வீட்டைக் கட்டியவனை மறந்துவிட்டுக் கிரயம் வாங்கியவனுக்குக் கல்வெட்டு வைப்பதா?

வசூலைப் பார்த்துத் தொடங்கினார்களாம். 1996 டிசம்பரில், ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. பேட்மேன் படங்கள் ஓடின, இல்லை என்று சொல்லவில்லை. அந்த வரிசையும் 1997-ல் கேலிக்கு ஆளாகி நின்றுபோனது. எக்ஸ்-மென் படம் வந்தது 2000-ல், அயர்ன் மேன் படம் 2008-ல். கட்டுரையாளர் சொல்லும் வசூல் எந்தத் தியேட்டரில் நடந்தது என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் வருத்தம் அதிகமாகிறது.

நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துப் பிழைத்தவன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலை முடிந்ததும் திருச்சி தில்லை நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். ஓர் அட்டைப்படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாயகனின் நெற்றி வந்து கண் வருவதற்குள் மின்சாரம் போய்விடும். அப்படிப் படித்ததுதான் சி.பி.ஆர். ரிச் ஜான்ஸ்டன் என்பவர் அங்கே வம்புச் செய்திப் பத்தி எழுதிவந்தார். ஒவ்வொரு வதந்தியின் பக்கத்திலும் போக்குவரத்து சிக்னல் போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குப் போட்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று காட்டிவிடுவார். வம்பு எழுதுகிறவருக்கே அவ்வளவு நாணயம் இருந்தது. பிரையன் குரோனின் 2005-லிருந்து எழுதிய தொடரில், காமிக்ஸ் உலகக் கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துருவி, உண்மை அல்லது பொய் என்று முத்திரை குத்துவார். முடி திருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த கெயில் சிமோன் அங்கே நகைச்சுவைப் பத்தி எழுதினார். பின்னாளில் அவரே வொண்டர் உமன் கதைகளை எழுதும் இடத்துக்குப் போனார். அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது, காமிக்ஸ் இதழியலுக்காக 2011-ல் இந்தத் தளத்துக்குக் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வால்நெட் கைக்குப் போன பிறகு அங்கே குவிந்த 'மிக வலிமையான பத்துப் பேர்' வகைப் பட்டியல்களைத்தான் கட்டுரையாளர் பார்த்திருக்கிறார் போலும்.

பார்த்ததோடு நிற்கவும் இல்லை. உங்கள் இணைப்பிதழில் மாதம் தவறாமல் வரும் 'டாப் 10' பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்கப்போவதில்லை. வரிசை எண்ணாவது மாறியிருக்கலாம் என்று மட்டும் சில சமயம் தோன்றும்.

பெயர்களை விழுங்குவது உங்களிடம் புதிதும் அல்ல. பேட்மேன் படத்துக்கு விமரிசனம் எழுதியபோது பாப் கேன் பெயரை மட்டும் போட்டீர்கள். அந்தப் பாத்திரத்தை அவருடன் சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். டி.சி. நிறுவனமே 2015-ல் இறங்கிவந்து அவருக்கு உரிய இடத்தைத் தர ஒப்புக்கொண்டது. உங்கள் அலுவலகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இதைச் சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன். இடம் கருதிச் சுருக்கி, 'விமரிசனம் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அந்த வரிக்கு அடுத்ததே 'ஆனால்' என்றுதான் தொடங்கியிருந்தது.

2023-ல் திரையில் இந்திய ஸ்பைடர்மேனாகப் பவித்ர் பிரபாகர் வந்தபோது, ஹாலிவுட் நமக்குத் தந்த பரிசு என்று பூரித்தீர்கள். அவர் 2004-லேயே இங்கே அச்சில் வந்தவர். உருவாக்கியவர்கள் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங். நம் நாட்டு வேலைக்கே பெயர் போடாதவர்களிடம் வைலண்டுக்கு நியாயம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், அதே பக்கத்தில், ஒரே ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: சி.பி.ஆர். தளத்தைத் தொடங்கியவர் ஜோனா வைலண்ட், வால்நெட் அதை வாங்கியது 2016-ல். மணமகள் தேவை விளம்பரங்களுக்கு அடியில் வேண்டாம், கண்ணில் படும் இடத்தில் வரட்டும். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள். என் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பெயர்களிலும் ஆண்டுகளிலும் கைவைக்காதீர்கள். முதல் வரியை மட்டும் போடுவதாக இருந்தால் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
திருச்சி