முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, மறைந்த வீரர்களின் குடும்பத்துச் சகோதரிகளே, வணக்கம்.

நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. கொடியேற்றங்களும் ஜூலை 26 கார்கில் நினைவு நாளும் டிசம்பர் 7 கொடி நாளும் வழக்கம்போல் நடந்தன. காலமான மூன்று உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி.

ஊன ஓய்வூதியத் தாள்களைப் படிக்கக் கற்றுத்தரும் ஞாயிறு வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 'பென்ஷன் வாங்குகிற வயதில் பாடமா?' என்று சிலர் கேட்டார்கள். ஜூன் மாதம் ஒரு ஹவில்தாரின் மனைவி, ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு எழுதிய தாளோடு வந்தார். மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கணவரின் ஊன ஓய்வூதியக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம், NANA என்ற நான்கே ஆங்கில எழுத்து. மகன் அதை 'நானா' என்று கூட்டிப் படித்திருக்கிறான். "அவர் உடம்பு கெட்டதற்கு அவரேதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்களா ஐயா?" என்று கேட்டார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்பதே அந்த நான்கு எழுத்தின் பொருள். அது போர்டின் கருத்து, மேல்முறையீடு செய்யலாம். அந்தத் தாளில் இருந்த ஐ 10 உயர் ரத்த அழுத்தத்தைக் குறிக்கும் நோய் எண், அவ்வளவுதான். படைவீரரின் உடல்தகுதியை வகைப்படுத்தும் ஷேப் முறையில் பி 2, பி 3 என்பவை பணித்தகுதி. ஊன சதவீதம் அல்ல. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாந்தவர்கள் நம்மிலேயே உண்டு. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், மறுத்தால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்படி, பணியால் வந்தது என ஏற்கப்பட்டால் அந்த ஹவில்தாரின் 30 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள். அவர்கள் தனியாக வந்து பாருங்கள்.

அவருடைய மேல்முறையீட்டை நானே எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

வகுப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? முதல் ஞாயிறு பதினொருவர், கடைசி ஞாயிறு நால்வர். தாள் கையில் உள்ளவர்கள் வரவில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்து, மேல்முறையீட்டுக் கெடுவும் கடந்த பிறகு இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எடுக்கிறேன், எடுப்பேன். ஆனால் அப்போது செய்ய முடிவது மிகக் குறைவு.

வரவுக்குள் செலவை முடித்தோம். கையிருப்பு சொற்பம், விவரம் பொருளாளரிடம் உள்ளது. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. நகல் எடுத்தது, பதிவுத் தபால் அனுப்பியது எல்லாம் மீதிப் பேரின் பணத்தில்தான்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வகுப்பை நடத்த எனக்கு விருப்பம். என் கண்பார்வை முன்போல் இல்லை. எழுத்து வேலைக்கு இளையவர்கள் இருவர் வேண்டும். ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆகாதவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் போகும் வழியில் பொருளாளரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

செயலாளர்