பீட்டர்ஹாஃப் கடத்தல் கப்பல் அன்று: ஓர் இதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்களை வடதரப்பு அடைத்த கடல் முற்றுகையைப் பற்றித் தாங்கள் வெளியிட்டுவரும் தொடரில், பீட்டர்ஹாஃப் என்னும் ஆங்கிலேய நீராவிக் கப்பலை 'முற்றுகையை மீறிப் பிடிபட்ட கடத்தல் கப்பல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். திருத்தம் வெளியிடக் கோரி இருமுறை எழுதியும் பதில் வராததால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

மெக்சிகோவின் மத்தாமொரோசுக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலை, 1863 பிப்ரவரி 25 அன்று, அந்நாளில் டென்மார்க்கின் வசமிருந்த செயின்ட் தாமஸ் தீவருகே வடதரப்புக் கடற்படையின் வாண்டர்பில்ட் என்ற போர்க்கப்பல் பிடித்ததையும், நியூயார்க் நீதிமன்றம் பறிமுதலை உறுதிசெய்ததையும் தாங்கள் அறிவீர்கள். கடற்படையே அதை வாங்கி, எந்த முற்றுகையை மீறியதாகப் பழி சுமத்தியதோ அதே முற்றுகையின் காவலுக்கு வட கரோலினாக் கரைக்கு அனுப்பியது. அங்கே 1864 மார்ச் 6 அன்று மாண்டிசெல்லோ என்ற சக காவல் கப்பல் மோதியதில் அது மூழ்கியது.

தாங்கள் விட்டுவிட்டது இதற்குப் பிந்தைய பகுதியை. போர் முடிந்தபின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது, மத்தாமொரோசுக்குச் செல்லும் வழியான, மெக்சிகோவுக்கும் டெக்சாசுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் முகத்துவாரம் முற்றுகைக்குள் அடங்காது என்றும், மத்தாமொரோசுடன் நடுநிலை நாட்டார் செய்யும் வணிகம் குற்றமாகாது என்றும் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தீர்ப்பளித்தார். கப்பலைத் திருப்பித் தர வேண்டும் என்பது தீர்ப்பு; கப்பலோ கடலடியில் கிடந்தது. தன்மீது சுமத்திய பழி நீங்கும் நாளில் அந்தக் கப்பலே இல்லாமற் போன இக்கொடுமையை எப்படி ஒரு வரிக்குள் அடக்க மனம் வந்தது?

அதிலிருந்த பீரங்கி வண்டிச் சேணங்களும் இராணுவக் காலணிகளும் தடைசெய்யப்பட்ட போர்ச்சரக்கு என்று அதே தீர்ப்பு கூறியதையும், ஆவணங்கள் தொடர்பான கப்பல் தலைவரின் நடத்தைக்காகக் கப்பலின்மீது செலவுத்தொகை சுமத்தப்பட்டதையும் நான் மறைக்கவில்லை. அவற்றையும் எழுதுங்கள். ஆனால் சரக்கின் குற்றத்தைக் கப்பலின் முற்றுகை மீறலாக்காதீர்கள்.

பிடிபட்ட கப்பலை விற்ற பணத்தில் பிடித்தவர்களுக்குப் பங்கு கிடைத்த காலம் அது. அவர்களுடைய குறிப்புகளை மட்டும் நம்பி எழுதும் வழக்கம் நம் போர் வரலாற்றுக் கட்டுரைகள் பலவற்றில் உள்ளது. அது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அடுத்த இதழில், அந்த வரி அச்சான அதே பக்கத்தில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிட வேண்டுமென மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்